சத்தம் போட்டுச் சொல்லும் கருவி: சிறு விமானங்களும் கார்பன் மோனாக்சைடும்

கன்னியாகுமரிக் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சி அருமணல் ஆலையில், கதிரியக்கக் கனிமமான மோனசைட் புழங்கும் பகுதிகளில் வேலை செய்கிறவர்களின் சட்டையில் சிறிய பேட்ஜ் ஒன்று மாட்டியிருக்கும். டிஎல்டி பேட்ஜ் என்பார்கள். அதற்குள் இருக்கும் வட்டுகள், அந்த ஆள் மேல் படுகிற கதிர்வீச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒரு முறை பேட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வட்டைச் சூடாக்கினால், சேர்த்து வைத்ததை ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்தால், மனிதர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் இந்தக் கரையின் மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளந்துகொண்டே வாழ்வது எப்படி என்பதில் இந்த ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு.

அந்தப் பேட்ஜ் சத்தம் போடாது, போடவும் தேவையில்லை. அது அளக்கிற பாதிப்பு வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்வது. மூன்று மாதம் கழித்துத் தெரிந்தாலும் ஆளை வேறு பகுதிக்கு மாற்ற நேரம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத எந்த ஆபத்தை அளக்கிற கருவியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆபத்து முந்துமா, நீ முந்துவாயா?

பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வருகிற பதில் நல்லதாக இல்லை. விமானியை நிமிடக் கணக்கில் மயக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு எதிராக அந்த விமானங்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருப்பது, நிறம் மாறுகிற ஓர் அட்டையை. அதுவும் பல விமானங்களில் கிடையாது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய, அலாரம் அடிக்கிற மின்னணுக் கருவிகள் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றை விமானி அறையில் வைப்பதால் என்ன பயன், அவற்றின் குறைகள் என்ன, மற்ற நாடுகள் என்ன முடிவெடுத்தன, வெயில் நாடான நமக்கு இது பொருந்துமா என்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

வாயு உள்ளே வரும் வழி

நாம் பயணம் செய்கிற பெரிய ஜெட் விமானங்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் கிடையாது. சிக்கல் செஸ்னா 152, செஸ்னா 172, பைப்பர் போன்ற பெட்ரோல் வகை எஞ்சின் கொண்ட விமானங்களில். இந்தியாவின் பறக்கும் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் முதன்முதலில் ஏறுவது இவற்றில்தான்.

இந்த எஞ்சின்கள் எரிப்பது ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல். காரில் இருப்பதுபோல் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பு இவற்றில் இல்லை. தரையிலிருந்து மேலேறும்போது எஞ்சின் சூடேறிப் பழுதாகாமல் இருக்க, காற்றின் அளவுக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக எரிபொருள் கொடுப்பார்கள். கூடுதல் எரிபொருள் முழுதாக எரியாது. அரைகுறையாக எரிந்ததெல்லாம் கார்பன் மோனாக்சைடாகப் புகையில் போகும். புகையில் நூற்றுக்கு 5 பங்கு இந்த வாயு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புகை, அறைக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும், உள்ளே 50 பிபிஎம் வந்துவிடும். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்க விமான வடிவமைப்பு விதி சிறு விமான அறைக்குள் அனுமதித்த உச்ச அளவும் அதே 50தான்.

புகை எப்படி உள்ளே வருகிறது? முதல் வழி ஹீட்டர். சிறு விமானத்தின் ஹீட்டர் தனிக் கருவி இல்லை. எஞ்சினின் சைலன்சரைச் சுற்றித் தகரத்தில் ஓர் உறை போட்டிருப்பார்கள். வெளிக்காற்று அந்த உறைக்குள் புகுந்து, சைலன்சரின் சூட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் வரும். சைலன்சரில் மயிரிழை விரிசல் விட்டால், சூட்டோடு புகையும் சேர்ந்து வரும். உறையைக் கழற்றினால் ஒழிய அந்த விரிசல் கண்ணில் படாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ நடத்திய ஆய்வும் சைலன்சரைத்தான் முதல் குற்றவாளியாகக் காட்டியது. ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடிய சைலன்சர்களை மாற்றிவிடுங்கள் என்று 2010-ல் அது பரிந்துரைத்தது. ஒரு பயிற்சி விமானம் ஆயிரம் மணி நேரத்தை இரண்டொரு வருடத்திலேயே தாண்டிவிடும்.

இரண்டாவது வழி, எஞ்சினையும் அறையையும் பிரிக்கிற தடுப்புத் தகடு. ஒயர்களும் கேபிள்களும் கடந்துபோக அதில் துளைகள் உண்டு. துளையை அடைக்கிற ரப்பர் காய்ந்து விழுந்தாலோ, ஒரு மூடியின் போல்ட் கழன்றாலோ வழி திறந்துவிடும். மூன்றாவது வழி கதவும் ஜன்னலும். பறக்கிற விமானத்தின் அறைக்குள் காற்றழுத்தம் வெளியை விடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும்; அதனால் சரியாக மூடாத கதவிடுக்கு வழியே வெளிப்புகையை உள்ளே இழுக்கும். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறக்கிறவர் புகையையும் சேர்த்து அழைக்கிறார்.

டீசல் எஞ்சின் விமானங்களில் நிலைமை மேல். டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை எடுத்துக்கொண்டு எரிப்பதால் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. ஆனால் நம் பள்ளிகளில் பெட்ரோல் செஸ்னாக்கள் இன்னும் நிறையவே பறக்கின்றன. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, 2022-ல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை முடித்த ஹன்சா புதிய தலைமுறை விமானமும் ரோட்டாக்ஸ் பெட்ரோல் எஞ்சினில் ஓடுவதே.

உடம்புக்குள் நடப்பது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆசாமி மாதிரி, இந்த வாயு இருக்கையைப் பிடித்துவிட்டால் ஆக்சிஜன் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். போதாக்குறைக்கு, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஆக்சிஜனையும் இறங்க வேண்டிய இடத்தில் எளிதில் இறங்க விடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மூளைக்குப் போதுமான அளவு போய்ச் சேராது.

பிடித்த இடத்தை அது சீக்கிரம் விடுவதும் இல்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், ரத்தத்தில் ஏறியதில் பாதி குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போல. ஆகவே ‘ஜன்னலைத் திறந்தேன், சரியாகிவிட்டது’ என்று யாரும் தொடர்ந்து பறக்க முடியாது. வாயு நின்றாலும் பாதிப்பு நிற்காது. மேலே போகப் போக ஆக்சிஜன் குறைவதால், இரண்டு குறைவும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். புகைபிடிக்கிற விமானி தரையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டுதான் ஏறுகிறார்.

முதல் அறிகுறிகள் தலைவலி, சோர்வு, லேசான குமட்டல், கவனம் சிதறுதல். இவற்றில் எதுவும் இந்த வாயுவுக்கே உரியது என்று சொல்லும்படி இல்லை. இரவு சரியாகத் தூங்காதவருக்கும், காலையில் சாப்பிடாமல் வந்தவருக்கும், வெயிலில் நின்றவருக்கும் இதே தலைவலிதான். தவிர, இந்த வாயு முதலில் தாக்குவது தீர்மானிக்கிற திறனை. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உணர வேண்டிய அதே மூளைதான் மங்கிக்கொண்டிருக்கிறது. ‘அறிகுறி தெரிந்தால் இறங்கிவிடுங்கள்’ என்ற அறிவுரை கேட்க நன்றாக இருக்கும். கடைப்பிடிக்க வேண்டிய நேரத்தில் கடைப்பிடிக்கிறவர் அந்த நிலையில் இருக்கமாட்டார்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறது. சில விமானிகளும் பையில் வைத்திருப்பார்கள். இந்த விஷயத்தில் அது உதவாது, ஏமாற்றிவிடும். விரலில் மாட்டுகிற சாதாரண ஆக்சிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் சரிந்துகொண்டிருக்கும்போதும் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

தரையில் இந்த வாயு செய்வதைப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறோம். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற இடத்தில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் விடுதி அறையில் கேஸ் ஹீட்டரை ஓடவிட்டுத் தூங்கி, எழுந்திருக்கவில்லை. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகைதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அங்கே இறந்தவர்கள் எதையும் இயக்கிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. விமானியோ விழித்திருந்து, கணித்து, முடிவெடுத்து, இறக்க வேண்டியவர். முழு மயக்கம்வரை போக வேண்டியதில்லை. கொஞ்சம் மந்தமானாலே விமானம் கைவிட்டுப் போகும்.

மூன்று விமானங்கள் சொல்வது

2019 ஜனவரி 21 இரவு, அர்ஜென்டினாக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா, பிரான்ஸின் நான்ட் நகரத்திலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்கு ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபுவில் கிளம்பினார். விமானம் குர்ன்சித் தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. சாலாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது. விமானியின் உடல் கிடைக்கவேயில்லை. விமானியையும் இந்த வாயு பாதித்திருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு 2020 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அந்தப் பயணத்தில் உரிமம், இரவில் பறக்கும் தகுதி என்று வேறு பல முறைகேடுகளும் இருந்தன. செய்தித்தாள்கள் அவற்றைத்தான் அதிகம் பேசின. ஆனால் எச்சரித்து அலாரம் அடிக்கும் கருவி அந்த விமானத்தில் இல்லை என்பதையும் அறிக்கை குறித்து வைத்தது.

இரண்டாவது, 2017 டிசம்பர் 31, சிட்னி. நீரில் இறங்கும் டி ஹாவிலண்ட் பீவர் விமானம், காட்டேஜ் பாயிண்ட் என்ற இடத்தில் மதிய உணவு முடித்த ஐந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழக்கமான பாதையை விட்டு விலகி, ஜெருசலேம் விரிகுடாவில் விழுந்தது. விமானியோடு ஆறு பேரும் இறந்தார்கள். விமானி பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அந்த நீர்ப்பரப்பு அவருக்கு மனப்பாடம். ஏன் அப்படித் திரும்பினார் என்று இரண்டு வருடத்துக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. 2020-ல் வரைவு அறிக்கையைப் படித்த விமான மருத்துவ நிபுணர் ஒருவர், ரத்த மாதிரிகளில் கார்பன் மோனாக்சைடைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். விமானிக்கும் இரண்டு பயணிகளுக்கும் அளவு கூடியிருந்தது. எடுத்து வைத்திருந்த எஞ்சினை மறுபடி பார்த்தார்கள். புகைக் குழாய் வளையத்தில் பழைய விரிசல்கள். தடுப்புத் தகட்டு மூடியில் சில போல்ட்டுகள் இல்லாமல் விட்ட துளைகள். பயணிகள் ஏறுவதற்கு முன்பு விமானி 27 நிமிடம் எஞ்சினை ஓடவிட்டபடி நீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தார் என்பதும், அவர் பக்கக் கதவு சற்றுத் திறந்தே இருந்திருக்கக்கூடும் என்பதும் சேர்ந்தபோது கதை நேரானது. அது ஆஸ்திரேலியாவின் கோடைகாலம். ஹீட்டருக்கு வேலையே இல்லாத நாள். அந்த விமானத்தில் நிறம் மாறும் அட்டை ஒன்றும் ஒட்டியிருந்தது.

மூன்றாவது கதை உயிரோடு முடிந்தது. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் தன் மூனி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். குளிர்காலம், ஹீட்டர் ஓடியது. ஆட்டோபைலட்டைப் போட்டார், பிறகு நினைவு தப்பியது. விமானம் அவரைச் சுமந்துகொண்டு இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய், எரிபொருள் தீர்ந்ததும் தானாகச் சறுக்கிக்கொண்டு வயலில் விழுந்தது. அவர் விழித்துப் பார்த்து, உடைந்த விமானத்திலிருந்து இறங்கி, பக்கத்து வீட்டுக்கு நடந்து போனார். சைலன்சரில் விரிசல் இருந்தது. தரை தட்டையாக இருந்ததால் வெளியே வந்த கதை இது.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டிய ஒற்றுமை ஒன்று உண்டு. முதல் இரண்டும் தண்ணீரில் விழுந்தன; மூன்றாவதில் தீப்பிடிக்கவில்லை. விழுந்து தீப்பிடித்த விமானத்தில் இறந்தவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தால், அது பறக்கும்போது ஏறியதா, நெருப்புப் புகையில் ஏறியதா என்று பிரிப்பது கடினம். அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி, 1982 முதல் 2020 வரை இந்த வாயுவால் நேர்ந்ததாக 31 விபத்துகளைக் கணக்கிட்டது. அவற்றில் 23-ல் உயிரிழப்பு. இறந்தவர்கள் 42 பேர். மேலே சொன்ன காரணத்தால், உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே ஏதோ ஒரு கண்டறியும் கருவி இருந்தது. அதுவும் அலாரம் அடிக்கிற வகை இல்லை.

அட்டையும் அலாரமும்

அட்டையை அருகில் வைத்துப் பார்ப்போம். விசிட்டிங் கார்டு அளவு பிளாஸ்டிக். நடுவில் வெளிர்நிறப் பொட்டு. வாயு பட்டால் பொட்டு கறுக்கும். உறையைப் பிரித்த தேதியை எழுத ஓர் இடம் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து சில வாரமோ சில மாதமோதான் அதற்கு ஆயுள்; வகைக்கு வகை மாறும். வெயிலில் நிற்கிற விமானத்தின் கருவிப் பலகையில், பேனாவில் எழுதிய தேதி அட்டைக்கு முன்பே வெளுத்துப்போகும். துடைக்கப் பயன்படுத்துகிற அமோனியா கலந்த திரவமும் வேறு சில ரசாயனங்களும் பட்டால் பொட்டு கெட்டுவிடும். கெட்டது வெளியே தெரியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் விமானி அதைப் பார்க்க வேண்டும்; பார்த்து, கறுத்திருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். மங்கிய மூளையிடம் இது அதிகப்படியான எதிர்பார்ப்பு. சிட்னி விபத்தை விசாரித்தவர்கள் அட்டையை நம்பக்கூடாது என்று முடிவு சொன்னதற்கு இவையே காரணம்.

அலாரக் கருவி வேறு ரகம். உள்ளே ஒரு மின்வேதி உணரி இருக்கும். அதில் படும் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாறும்போது சிறு மின்னோட்டம் உண்டாகும். வாயு கூடினால் மின்னோட்டம் கூடும். கருவி அதை எண்ணாகக் காட்டும். எல்லை தாண்டினால் கத்தும். சிவப்பு விளக்கை மின்னவிடும். விமானி பார்க்காவிட்டாலும் அது தானாகக் கூப்பிடும் என்பதே இதன் முழு மதிப்பு.

ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விற்பதை அப்படியே வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஐரோப்பிய வீட்டு அலாரங்களின் தரமான இஎன் 50291-ஐப் பாருங்கள். 50 பிபிஎம் அளவில் அறுபது நிமிடம் கழித்தே அலாரம் அடிக்க வேண்டும், தொண்ணூறு நிமிடத்துக்குள் அடித்தால் போதும் என்கிறது. 100 பிபிஎம் என்றால் பத்து முதல் நாற்பது நிமிடம். 300 பிபிஎம் வந்தால்தான் மூன்று நிமிடத்துக்குள். வீட்டில் தூங்குகிறவரை எழுப்ப இது போதும். சமையலறைப் புகைக்கெல்லாம் கத்தித் தொந்தரவு செய்யாமல் இருக்க அந்தத் தாமதம் வேண்டும். பயிற்சி விமானம் ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடுகிறது. 50 பிபிஎம்மை அந்த ஒரு மணி நேரமும் சுவாசித்தாலும் கருவி வாய் திறக்காமலே இருக்கலாம். ஆகவே வாங்குகிறவர் தேட வேண்டியது, அப்போதைய அளவை எண்ணாகக் காட்டுகிற, குறைந்த அளவிலேயே எச்சரிக்கிற வகையை. அலாரம் மட்டும் உள்ள கருவி, ஒன்றுமில்லாததற்கு மேல்.

இரண்டாவது குறை சத்தம். சிறு விமானத்துக்குள் எஞ்சின் இரைச்சலுக்காகவே காதை மூடும் ஹெட்செட் போடுகிறார்கள். இரைச்சலை அமுக்கும் நவீன ஹெட்செட், அலாரத்தின் கீச்சொலியையும் சேர்த்து அமுக்கிவிடலாம். அதனால் பார்வைக்கு நேராக மின்னும் விளக்கு கட்டாயம் வேண்டும். அதிர்கிறதோ, ஹெட்செட்டிலேயே ஒலிக்கிறதோ கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, இடம். காற்று வரும் துவாரத்துக்கு நேரே வைத்தால் வெளிக்காற்றைத்தான் அளக்கும். இருக்கைக்குப் பின்னால் பையில் போட்டால் கேட்காது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தம் வைத்த கிளிப்பில் மாட்டக்கூடாது. விமானியின் மூச்சு நடமாடும் உயரத்தில், கண் ஓட்டத்தில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது நமக்கே உரிய சிக்கல். ஓடுதளத்தில் நிறுத்திய செஸ்னாவின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏப்ரல், மே வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிப் போகும். உணரியின் திரவம் அந்தச் சூட்டில் காய்ந்து ஆயுள் குறையும். இந்தக் காரணத்துக்காகவே விமானத்தோடு ஒட்டிய கருவியைவிட, விமானியோடு வந்து விமானியோடு போகிற கருவி நம் நாட்டுக்கு அதிகம் பொருந்தும். மாணவர் இன்று ஒரு விமானத்திலும் நாளை வேறு விமானத்திலும் ஏறுகிறார். கருவி அவர் ஹெட்செட் பையில் இருந்தால் எந்த விமானத்தில் ஏறினாலும் காவல் உண்டு. கூடுதலாக ஒரு லாபம்: பத்து விமானங்களில் ஒன்றில் மட்டும் அளவு தொடர்ந்து கூடுதலாகக் காட்டினால், அந்த விமானத்தின் சைலன்சர் உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல ஆதாரம் கையில் இருக்கிறது.

கருவியில் உள்ள சோதனைப் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். அது பேட்டரியையும் ஒலியையும்தான் சோதிக்கிறது. உணரி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை. பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைத்தான் மதிக்க வேண்டும்.

சட்டம் நகர்ந்த வேகம்

என்டிஎஸ்பி, முன்பக்க எஞ்சின் கொண்ட ஒற்றை எஞ்சின் விமானங்களில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்குங்கள் என்று எஃப்ஏஏவிடம் முதலில் கேட்டது 2004-ல். எஃப்ஏஏ ஆய்வு நடத்தியது, பரிந்துரை வெளியிட்டது, கட்டாயமாக்கவில்லை. 2022 ஜனவரியில் மேலே சொன்ன 31 விபத்துகளின் கணக்கோடு வாரியம் மறுபடி கேட்டது. பதினெட்டு வருட இடைவெளியில் இரண்டு தரப்பிலும் வாதம் மாறவில்லை. விதி வந்தால் சான்றளித்த கருவி வேண்டும். சான்றளித்தால் விலை ஏறும். தனியார் விமானி தானாக வாங்கிக்கொள்ளட்டும் என்பது ஒரு பக்கம். தானாக வாங்குவார்கள் என்று விட்டதன் பலன்தான் 31-ல் ஒன்று என்பது மறுபக்கம்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. சாலா விபத்துக்குப் பிறகு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம், விலை குறைந்த, கடையில் கிடைக்கிற கருவிகளையே விமானிகள் எடுத்துச் செல்ல ஊக்கப்படுத்தியது. அவை காக்பிட்டில் எப்படி வேலை செய்கின்றன என்று தன்னார்வ விமானிகளைக் கொண்டு பார்த்தது. அதன் பிறகே கட்டாயம் என்ற சொல்லை எடுத்தது. விமானி அல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு பறக்கும் பிஸ்டன் விமானங்களில், வேலை செய்கிற அலாரக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. விமானி தன் ஆபத்தைத் தானே எடைபோடலாம். பக்கத்தில் உட்காருகிற, ஒன்றும் அறியாத பயணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவருக்காக அரசு பேசுகிறது. ஆஸ்திரேலிய விசாரணையாளர்களும் பயணிகளை ஏற்றும் பிஸ்டன் விமானங்களுக்கு இதையே வலியுறுத்தினார்கள்.

மலிவான கருவி போதும், சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பிரிட்டன் எடுத்த முடிவு இந்த முழு விவகாரத்திலும் மிகப் புத்திசாலித்தனமானது என்பேன். குறையில்லாத கருவிக்காகப் பதினெட்டு வருடம் காத்திருப்பதைவிட, குறையுள்ள கருவியை அதன் குறை தெரிந்து பயன்படுத்துவது மேல்.

வெயில் நாட்டுக்குத் தேவையா

‘நம் ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்?’ என்பது இங்கே முதலில் வருகிற மறுப்பு. நியாயமான கேள்வி. மணவாளக்குறிச்சியிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. அங்கே ஜனவரியில்கூட ஹீட்டர் குமிழைத் தொட வேண்டியதில்லை. சேலத்திலும் பெரும்பாலும் அப்படியே.

இதற்கு மூன்று பதில்கள். ஒன்று, சிட்னி. அங்கே புகை வந்த வழி ஹீட்டர் இல்லை. தடுப்புத் தகட்டின் துளைக்குக் குளிர்காலம், கோடைகாலம் என்று பேதம் கிடையாது. எஞ்சினை ஓடவிட்டுத் தரையில் காத்திருப்பதும், புழுக்கம் தாங்காமல் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் நம் பயிற்சி ஓடுதளங்களில் அன்றாடம் நடப்பவை. அவை சிட்னியில் நடந்தவற்றுக்கு மிகவும் நெருக்கமானவை.

இரண்டு, தமிழ்நாட்டு மாணவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில் பறப்பதில்லை. உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச், மகாராஷ்டிரத்தின் கோண்டியா என்று பரவிப் படிக்கிறார்கள்; அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்களும் உண்டு. கன்னியாகுமரிக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளை முதன்முதலாக ஹீட்டர் குமிழை இழுப்பது, அந்த ஊர்களின் குளிர்காலக் காலையில்தான். 2023-ல் மட்டும் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. அதுவரை அதுவே உச்சம். பயிற்சிப் பறப்பு கூடினால் விமானங்களின் ஓட்டமும் கூடும். சைலன்சர்களின் வயதும் கூடும்.

மூன்றாவது பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குளிர் நாட்டில் காக்பிட்டில் தலைவலி வந்தால், விமானி ஹீட்டரைச் சந்தேகப்பட ஒரு வாய்ப்பாவது உண்டு. நம் ஊரில் தலைவலிக்கு ஆயத்தமான விளக்கம் இருக்கிறது: வெயில், தண்ணீர் குடிக்கவில்லை, காலையில் சாப்பிடவில்லை. பயிற்றுநரும் அதையே சொல்வார். மோர் குடித்துவிட்டுப் படுத்தால் சரியாகியும் விடும், ஏனென்றால் விமானத்தை விட்டு இறங்கியாயிற்று. வாயுவின் அறிகுறியும் வெயிலின் அறிகுறியும் ஒரே முகம் கொண்டவை. ஆகவே வெயில் நாட்டில் வாயு குறைவாக வரலாம். வந்தால் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல மனிதனால் ஆகாது, கருவியால் ஆகும்.

செய்ய வேண்டியவை

கருவி இருந்தால் மட்டும் போதாது. அது கத்தினால் என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எண் பூஜ்யத்தை விட்டு ஏறிக்கொண்டே போனாலோ அலாரம் அடித்தாலோ, கருவியோடு வாதாடக் கூடாது. ஹீட்டரை உடனே மூட வேண்டும். வெளிக்காற்றுத் துவாரங்களை முழுதாகத் திறக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு, அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்க வேண்டும். எண் குறைந்துவிட்டது என்று பயிற்சியைத் தொடரக்கூடாது. ரத்தத்தில் ஏறியது இறங்க மணிக்கணக்கு ஆகும். இறங்கிய பிறகு, விமானத்தைப் பழுதுபார்ப்பவர் கையில் ஒப்படைப்பதோடு, ஆளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரோடு நின்றுவிடக் கூடாது.

பயிற்சிப் பள்ளிகளுக்கு இதில் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. வணிக உரிமத்துக்கு ஒரு மாணவரின் குடும்பம் பல லட்சம் ரூபாய் செலவழிக்கிறது. அதன் பக்கத்தில் சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒரு பறப்பின் எரிபொருள் செலவுக்குக்கூட ஈடாகாது. விமானம் ஏறும் முன் சரிபார்க்கும் பட்டியலில் ஒரு வரி, விமானவாரியாக அளவைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு, ஆயிரம் மணி நேரம் தாண்டிய சைலன்சர்களுக்கு ஒரு தனிப்பார்வை. இவை மூன்றும் நாளைக்கே தொடங்கக்கூடியவை. சிறு விமான விபத்தில் இறந்தவரின் உடற்கூறாய்வில் இந்த வாயுவுக்கான ரத்தச் சோதனையை முதல் நாளிலேயே கேட்டு வாங்குவது விசாரணையாளர்களின் பொறுப்பு. சிட்னியில் கேட்க இரண்டு வருடம் ஆனது.

டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை போட்டால் இவை எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். பிரிட்டனைப் போலக் கடையில் கிடைக்கும் கருவியையே ஏற்றுக்கொண்டு, பயிற்சி விமானங்களிலிருந்து தொடங்கட்டும். மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஹெட்செட் வாங்கும் அன்றே, எண் காட்டும், விளக்கு மின்னும் அலாரக் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்கி, காலாவதித் தேதியைப் பார்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்றுநர் சிரித்தால் சிரிக்கட்டும். எஞ்சினை இயக்கும் முன் கருவியை இயக்குங்கள்.